மாடக்குழிக்குள் இருந்த கை

"அம்மா, செவுத்தைத் தொடாதீங்க! இருநூறு வருஷத்துச் செவுரு!"

கேமராக்காரர் சேகர் போட்ட சத்தத்தில் வெடுக்கென்று கையை எடுத்தேன். முழங்கால் வலி தாங்காமல் ஒரு நிமிஷம் சாய்ந்ததுதான் குற்றம். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானைக்குள் விட்டுக்கொண்டேன்.

கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சுவருக்கு ஐம்பது வயது இருந்தால் அதிகம். அதை எழுப்பியவர் எங்க வீட்டுக்காரர். அதற்குச் செங்கல்லும் சாந்தும் சுமந்தது என் தலை.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். பக்கத்தில் வேதவல்லி மாமி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கல்யாணப் பெண்ணின் தாயாரைப் போல நின்றுகொண்டிருந்தார்.

பெரியவர் வந்த வீடு

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி ஒன்றில் இருக்கிறது மாமியின் வீடு. வாசலில் நுழைந்தால் கொல்லை வரைக்கும் ரயில் மாதிரி நீளும். நடுவில் முற்றத்தை ஒட்டி ஒரு அறை. அந்த அறையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

வெகு காலத்துக்கு முன்னே ஒரு சங்கீத மகான் பெருமாளைச் சேவிக்கக் கால்நடையாக வந்தாராம். வந்தவர் மாமியின் புகுந்த வீட்டு முன்னோர் அழைக்க, சில நாள் இங்கே தங்கினாராம். அந்த அறையில் உட்கார்ந்து பாட்டுக் கட்டினாராம். மாமி அவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார். 'பெரியவர்' என்பார், அதோடு சரி. மாமி சொல்லாத பெயரை நான் எழுதுவது மரியாதை இல்லை. எனக்கும் அவர் பெரியவர்தான்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. மருங்காபுரிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் பிறந்தவள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். ஆனால் ஒன்று தெரியும். இத்தனை தலைமுறை கழித்தும் ஒருவர் வந்து போன வீட்டை ஜனங்கள் தேடுகிறார்கள் என்றால் அவர் சாமானிய மனிதர் இல்லை. நான் சுமந்து கட்டிய எத்தனையோ வீட்டில் யார் குடியிருந்தார் என்று இன்று அந்தத் தெருவுக்கே தெரியாது.

தேடி வந்த பெண்

பெரியவரைத் தேடி வந்தவள் பெயர் ஜெசிந்தா. திருச்சி பாலக்கரைப் பெண். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். சர்ச்சில் பாட்டுப் பாடி வளர்ந்தவளாம். எங்கேயோ பெரியவரின் பாட்டு ஒன்றைக் கேட்டிருக்கிறாள், அன்றிலிருந்து பிடித்துக்கொண்டதாம். அவரைப் பற்றிப் படம் எடுக்கிறாள். கதைப்படம் இல்லை. நடந்ததை நடந்தபடி காட்டுகிற படம். அதில் பொய் கலக்கக் கூடாது என்பாள்.

அவள் உழைப்பை நான் கண்ணால் பார்த்தேன். நாலு வீதியிலும் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள். திருவானைக்காவலில் பழைய சத்திரம் இருந்த இடத்தையெல்லாம் கேட்டு வைத்திருக்கிறாள். பெரியவர் கொள்ளிடத்தைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும் என்று அந்தக் கரையிலிருந்து தானே நடந்து பார்த்திருக்கிறாள். அவர் வந்தது பங்குனியா ஆவணியா என்று தெரியவில்லையாம். அதனால் இரண்டு மாசத்திலும் தனித்தனியாக நடந்தாளாம்!

"எதுக்கும்மா இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"வெயில்ல நடந்தாரா மழையில நடந்தாரான்னு தெரியாம எப்படிங்கம்மா படம் எடுக்கறது?" என்றாள்.

இப்படி வேலை செய்கிற ஆளை எனக்குப் பிடிக்கும். எங்க வீட்டுக்காரரும் இந்த ரகம். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து நூல் பிசகினால், பாதிச் சுவரானாலும் இடித்துவிட்டு மறுபடி எடுப்பார்.

இத்தனை நடந்தும் பெரியவர் வந்ததற்குக் காகிதம் ஒன்றும் அவளுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது இந்த அறை ஒன்றுதான். யாரோ ஒரு புரொபசர் வந்து சுவரைத் தட்டி, சுரண்டி, முகர்ந்து பார்த்து, "இருநூறு வருஷத்துக்குக் குறையாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். படம் முழுக்க இந்தச் சுவரை நம்பித்தான் நின்றது.

ஐப்பசி மழை

இனி ஐம்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

அந்த ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மாமி அப்போது சின்னப் பெண். இரண்டாவது பிரசவத்துக்குக் கும்பகோணத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் மாமியின் மாமனார் மட்டும். பெரிய ஐயங்கார் என்போம். ஒரு நாள் விடிகாலையில் எங்கள் குடிசை வாசலில் குடையோடு வந்து நிற்கிறார். அவர் எங்கள் பக்கம் வந்து யாரும் பார்த்ததில்லை.

"கொத்தனாரே, செவர் போயிடுத்து" என்றார்.

போய்ப் பார்த்தோம். அறையின் மேற்குச் சுவரும் வடக்குச் சுவரும் கொல்லைப் பக்கமாகச் சரிந்து கிடந்தன. மற்ற இரண்டு பக்கமும் ஐயங்கார் காலத்தில் வைத்த மரத்தடுப்புத்தான். பெரியவர் விளக்கு வைத்த மாடக்குழியும் போய்விட்டது.

ஐயங்கார் எங்க வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "பழையபடி எழுப்பணும். பார்க்கறவாளுக்கு வித்தியாசம் தெரியப்படாது. ஒருத்தர்ட்டயும் மூச்சு விடப்படாது. சத்தியம் பண்ணு."

இவர் சத்தியம் செய்தார். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐயங்கார் சத்தியம் கேட்டது கொத்தனாரிடம் மட்டும்தான். சித்தாளிடம் யார் சத்தியம் கேட்கப் போகிறார்கள்!

நாற்பது நாள் வேலை. இடிந்த செங்கல்லையே மண் தட்டி, துடைத்து, திருப்பி அடுக்கினோம். சிமெண்டு ஒரு கைப்பிடி கிடையாது. கொள்ளிட மணலைச் சலித்து, நீற்றின சுண்ணாம்போடு சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறின தண்ணீரும் வெல்லமும் விட்டுப் புளிக்க வைத்த சாந்து. அந்த வாசனை இருக்கிறதே, பாதி பலகாரக் கடை, பாதி வைத்தியர் வீடு. இன்றைக்கும் வெல்லம் இடித்தால் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வரும். பூச்சு முடிந்ததும் ஒரு வாரம் விளக்குப் புகையைக் காட்டிக் காட்டிப் பழுப்பேற்றினார். புரொபசர் ஏமாந்ததில் ஆச்சரியம் என்ன? எங்க வீட்டுக்காரர் ஏமாற்றினால் அது யாரும் ஏமாறுகிற மாதிரிதான் இருக்கும்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வேலையானாலும் கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போது, கண்ணில் படாத இடமாகப் பார்த்து என் வலது கையைப் பதிக்கச் சொல்வார். கண்ணேறு படாது என்பார்.

"நீங்க வைங்களேன், நீங்கதானே கொத்தனாரு" என்று நான் ஒரு தரம் கேட்டேன்.

"நான் கரண்டி பிடிச்சேன், நீ சட்டி தூக்கினே. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கை போதும். வை, வை, காஞ்சுரப் போவுது."

இந்த அறையில் மாடக்குழிக்குள், உள்சுவரில் வைத்தேன். விளக்குப் புகை ஏறி மறைந்துவிடும் என்பது கணக்கு. வைத்துவிட்டு வெளியே வந்தேன். அதன் பிறகு அந்த அறைக்குள் நான் போனதில்லை. வேலை முடிந்தால் எங்களுக்குக் கொல்லைப்புறம்தான். அதன் பிறகும் அந்த வீட்டில் எத்தனையோ வேலை செய்தேன், மாமியும் நானும் பேசிப் பேசிச் சிநேகிதமும் ஆகிவிட்டோம். வெள்ளிக்கிழமை தவறாமல் போவேன். தொட்டியத்திலிருந்து மருமகன் வாழைப்பழம் கொண்டுவந்தால் மாமிக்கு ஒரு சீப்பு தனியாக எடுத்து வைப்பேன். எல்லாம் கொல்லை வாசலோடு. வழக்கம் அப்படி. மாமியும் யோசித்ததில்லை, நானும் யோசித்ததில்லை.

படப்பிடிப்பு அன்று மாமிதான், "தனியா இருக்க உதறலா இருக்குடி பாக்கியம், கூட வந்து நில்லு" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனார். ஐம்பது வருஷம் கழித்து, நான் கட்டிய அறைக்குள் நுழைந்தேன். கால் வலித்தது. சாய்ந்தேன். சேகர் கத்தினார்.

சந்தனம் வைத்த கை

விளக்கைப் போட்டார்கள். மாமி கேமராத் திரையில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, வெள்ளைக்காரி மாதிரி இருக்கேனே" என்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். ஜெசிந்தா சிரித்துவிட்டு, "மாமி, அந்த மாடத்தைக் காட்டுங்க" என்றாள்.

மாமி மாடக்குழியில் இருந்த விளக்கை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார். "நான் பிரசவம் ஆகித் திரும்பி வந்தப்போ இதைத் தேச்சு அலம்பினேன். புகை போனதும் உள்ளே ஒரு கை. மாமனாரைக் கூட்டிண்டு வந்து காட்டினேன். அவர் ஒண்ணும் சொல்லலே. கண்ணை மூடிண்டு கை கூப்பினார். நேக்குப் புரிஞ்சுடுத்து. பெரியவரோட திருக்கரம். அன்னிலேருந்து ஒரு நாள் தப்பாம சந்தனம் வெச்சுச் சேவிக்கிறேன்."

கேமரா கிட்டே போனது. சந்தனக் கீற்றுக்கு நடுவே ஐந்து விரல். சுண்டு விரல் மட்டும் நடுவில் மடங்கி, வெளிப்பக்கம் கோணிக்கொண்டு இருந்தது.

"தம்புராவைப் பிடிச்சுப் பிடிச்சு விரல் அப்படி ஆயிருக்கணும்னு புரொபசர் சொல்றார்" என்று ஜெசிந்தா கேமராவைப் பார்த்துச் சொன்னாள். "இந்தக் கையோடதான் படத்தை முடிக்கப் போறோம்."

சில வாரம் முன்னே இதே பக்கத்தில் பள்ளிக்கூட வேலையில் கருங்கல் விழுந்து என் விரல் கோணிய கதையை எழுதியிருந்தேனே, அந்தச் சுண்டு விரல். முந்தானைக்குள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பாக்கியம், நீயும் சேவிச்சுக்கோ" என்றார் மாமி.

என் கையை நானே எப்படிக் கும்பிடுவது! தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்கு வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். சமயபுரத்தாளே, இது என்னடி சோதனை?

டீ டம்ளர்

ஜெசிந்தா பின்னாலேயே டீ கொண்டுவந்தாள். யோசிக்காமல் வலது கையால் வாங்கினேன். சூட்டுக்கு விரல் விரிந்தது. அவள் பார்வை டம்ளரில் இல்லை.

அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "அம்மா, நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

"சித்தாள் வேலை."

"இந்த வீட்லயா?"

தலையாட்டினேன். எல்லாம் சொன்னேன், மழை, சத்தியம், விளக்குப் புகை. கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷம் வெயிலிலும் மழையிலும் நடந்த பெண். நம்பின சுவர் ஒரு டம்ளர் டீ நேரத்தில் போய்விட்டது. அழுவாள் என்று நினைத்தேன்.

அழவில்லை. "மாமிகிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேங்கம்மா. அது உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல இருக்கறது. ஆனா அந்தக் கையைப் பெரியவர் கைன்னு என்னால படத்துல வைக்க முடியாது. செவுத்தையும் வைக்க முடியாது" என்றாள்.

"அப்ப உன் படம்?"

"அதைப் பாத்துக்கலாம்."

பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்ன விதத்தில் எனக்கு வெட்கம் வந்துவிட்டது. சின்னப் பெண் தன் பிழைப்பையே ஓரமாக வைக்கிறாள். நான் பழைய சத்தியத்தைக் காட்டி ஒளிந்துகொள்கிறேன். படத்தில் கை இல்லையென்றால் மாமி ஏன் என்று கேட்கத்தான் போகிறார். வேறு யார் வாயிலிருந்தாவது தெரிந்தால் மாமி என் முகத்தில் விழிப்பாரா? சாகிற காலத்தில் அந்தச் சிநேகிதம் போனால் எனக்கு வெள்ளிக்கிழமை என்று ஒன்று கிடையாது.

இன்னொன்றும் மறைக்காமல் எழுதுகிறேன். பயத்துக்கு நடுவிலும் ஒரு மூலையில் பெருமையாக இருந்தது. எங்க வீட்டுக்காரர் செய்த வேலை, படித்தவர்களைக் கும்பிட வைத்த வேலை, அவர் பெயர் இல்லாமலே போக வேண்டுமா?

எழுந்து உள்ளே போனேன்.

இவ்வளவு பெரிய எலியா

சேகரை வெளியே போகச் சொல்லிவிட்டு மாமிக்கு எதிரே நின்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "மாமி, அது என் கை."

"எது?"

முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினேன். மிச்சத்தையும் சொன்னேன். மாமி அசையாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் வந்த முதல் வார்த்தை நான் நினைத்ததே இல்லை.

"அதான் சுண்ணாம்பு வாசனை! பொறந்தாத்துலேருந்து குழந்தையோட வந்து இறங்கறேன், ஆத்துல பூரா சுண்ணாம்பும் வெல்லமும். என்னப்பான்னு மாமனாரைக் கேட்டா, எலி ஓட்டையை அடைச்சோம்மான்னார்."

"ரெண்டு செவுரு மாமி!"

"இவ்வளவு பெரிய எலியா!" என்றார் மாமி. ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமி சிரிக்கவில்லை. "கையை வை" என்றார்.

மாடக்குழிக்குள் வைத்தேன். இப்போது முட்டி முட்டியாக வீங்கிப்போன கை. நாலு விரல் சரியாகப் பொருந்தவில்லை. சுண்டு விரல் மட்டும் தன் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

"என் சின்னப் பொண்ணுக்கு வரன் அமையணும்னு மண்டலம் மண்டலமா இந்தக் கைகிட்ட வேண்டிண்டிருக்கேனேடி" என்றார் மாமி.

"அமைஞ்சுதுல்ல மாமி?"

"அமைஞ்சுது" என்றார். நெற்றியைத் தடவிக்கொண்டு திரும்பி நின்றார். அவர் தோள் குறுகிவிட்ட மாதிரி எனக்குப் பட்டது. "அப்போ இந்த ஆத்துல அவர் வந்ததுக்கு ஒண்ணுமே இல்லையா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்குக் கோணிச் சாக்கு ஞாபகம் வந்தது.

வேலை நடந்த நாற்பது நாளும் ஐயங்கார் அறை முழுக்க நாலு அடுக்குக் கோணிச் சாக்கு விரித்து வைத்திருந்தார். சாந்துச் சட்டியோடு நான் உள்ளே வரும்போதெல்லாம் பின்னாலேயே வருவார். "பார்த்து, பார்த்து! செவர் போனாப் போறது. அவர் உக்காந்த தரை இது. ஒரு சொட்டு விழப்படாது!" எனக்கு அப்போது எரிச்சல்தான் வரும். தலையில் சுமை, காலடியில் மேடு பள்ளமாகச் சாக்கு. சுவர் வெளிப்பக்கம் சரிந்ததால் தரை தப்பியது. நாங்கள் அதில் ஒரு விரல் அளவும் கை வைக்கவில்லை.

"தரை பழசு மாமி. தரை மட்டும் நாங்க போட்டது இல்லை" என்றேன்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தோம். செங்கல்தூளும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து, மாதுளை முத்து நிறத்தில் கண்ணாடி மாதிரி பளபளத்த தரை. அதன் மேல் கேமராவின் முக்காலி, விளக்குக் கம்பம், வயர், சேகர் குடித்து வைத்த காபி டம்ளர். இத்தனை வருஷம் எல்லோரும் தரையில் நின்றுகொண்டு சுவரைக் கும்பிட்டிருக்கிறோம்.

ஜெசிந்தா முதலில் காபி டம்ளரை எடுத்தாள். அப்புறம் முக்காலியைத் தூக்கி வெளியே வைத்தாள். "அவர் வந்தார்னு இந்தத் தரையும் சத்தியம் பண்ணாது மாமி. வந்திருந்தா இங்கதான் உக்காந்திருப்பார். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், அதையே சொல்லிடறேன். செவுரு கதையைச் சொல்லலாமா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும்."

"நீ சொன்னாச் சொல்லு, சொல்லாட்டிப் போ" என்றார் மாமி. புடவை மாற்ற உள்ளே போனவர், நான் கிளம்பும் வரை வெளியே வரவில்லை.

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை வந்தது. பழச் சீப்பைப் பையில் போட்டுக்கொண்டு, வழக்கம்போலக் கொல்லைப்பக்கம் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கொல்லைக் கதவு தாப்பாள் துருப்பிடிச்சுடுத்து. வாசல் வழியா வா."

தாழ்ப்பாளை நான் போன வாரம்தான் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தேன். வீதியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனேன். மாமி கையில் சந்தனக் கிண்ணத்தோடு அந்த அறையில் நின்றிருந்தார். மாடக்குழிக்குள் கைக்குப் புதுச் சந்தனம் வைத்திருந்தது. ஈரம் காயவில்லை.

"இன்னும் எதுக்கு மாமி அதுக்கு?" என்றேன்.

"பழக்கம் விடறதா? மாமனார் அன்னிக்குக் கை கூப்பினது யாருக்குன்னு இந்த வாரம் பூரா யோசிச்சேன். அது உன் கைன்னு அவருக்குத் தெரிஞ்சுதான் கூப்பியிருக்கார்." கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "ஜெசிந்தாட்ட எல்லாத்தையும் போடச் சொல்லிட்டேன், எலியையும் சேர்த்து. தரைக்கு நீ வை. நேக்குக் குனிய முடியலே."

எனக்கு மட்டும் முடிகிறதா? கிண்ணத்தை இடது கையில் வாங்கிக்கொண்டேன். வலது கையைச் சுவரில் அழுத்தி ஊன்றி, முழங்கால் ஒவ்வொன்றாக மடக்கி, மெள்ள மெள்ள உட்கார்ந்தேன். சுவர் தாங்கியது.